கண் இருளுக்குப் பழகும்வரை

மொட்டை மாடியில் கடற்காற்று அன்றைக்கு வழக்கத்தைவிடப் பலமாக இருந்தது. மூன்று பக்கமும் கட்டியிருந்த கறுத்த தறப்பாள் சீலை படபடவென்று அடித்துக்கொண்டது. கொடியில் யாரோ மறந்துவிட்டுப் போன சாரம் ஒன்று முறுகி முறுகித் தண்ணீர்த் தாங்கியில் மோதியது. தயாபரன் இருந்த மடக்குக் கதிரையின் கான்வஸ் விளிம்பு அவருடைய முழங்கையில் பட்டுப் பட்டு விலகியது. பக்கத்தில் விரித்து வைத்திருந்த மற்றக் கதிரையின் கான்வஸ் மட்டும் அசையவில்லை. அதில் யாரும் இல்லை. யாரும் இல்லாத கதிரையின் துணி அல்லவா முதலில் ஆட வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. தோன்றியதை அப்படியே விட்டுவிட்டார். கண் அப்போதுதான் இருட்டுக்குப் பழகத் தொடங்கியிருந்தது, அந்த நேரத்தில் எழும்பி நடமாடுவது அவருடைய வழக்கம் இல்லை.

வெள்ளவத்தையில் நின்று நட்சத்திரம் பார்ப்பவனுக்குக் கொஞ்சமாவது பைத்தியம் இருக்க வேண்டும். காலி வீதி என்னும் பெருந்தெருப் பக்கம் கடைகளின் வெளிச்சம், கடற்கரைப் பக்கம் ஹோட்டல்களின் வெளிச்சம், போதாக்குறைக்கு முன்னால் புதிதாக எழும்பிய தொடர்மாடியில் ஒவ்வொரு பல்கனிக்கும் ஒவ்வொரு வெள்ளை லைட். அதற்காகத்தான் மொட்டை மாடியின் ஒரு மூலையில், தாங்கியோடு சேர்த்து, தயாபரன் தறப்பாள் கட்டியிருந்தார். உள்ளே போய் இருந்தால் கூரையில்லாத கறுத்த அறை ஒன்றுக்குள் இருப்பதுபோல இருக்கும். கொத்துரொட்டிக் கடையின் தகட்டுச் சத்தமும் கடலோரம் போகும் ரயிலின் சத்தமும் கேட்கும்; கருவாட்டு மணமும் உப்பு மணமும் வரும்; மனிதர் எவரும் தெரியமாட்டார்கள். காப்புறுதிக் கம்பனி வேலையிலிருந்து ஓய்வுபெற்ற நாளிலிருந்து அவருடைய மாலை நேரங்கள் அந்த அறையில்தான் கழிந்தன.

அவர் பார்த்தது திருவாதிரைக்கு வடக்கே உள்ள ஒரு சிவப்பு நட்சத்திரம். அதற்கு ஊரறிந்த பெயர்கூடக் கிடையாது. கிட்டத்தட்ட வருடத்துக்கு ஒருமுறை பிரகாசமாகி, பிறகு மங்கி மங்கி, தொலைநோக்கியிலும் தட்டித் தடவித் தேடும் அளவுக்கு இறங்கிவிடும். பக்கத்தில் ஒளி மாறாத இரண்டு நட்சத்திரங்களை எடுத்து, நம்முடையது இதைவிட மங்கல், அதைவிடப் பிரகாசம் என்று பார்த்து, நடுவில் ஓர் எண் வைப்பதுதான் வேலை. கேட்க இலேசு. அதற்கு முன்னால் அரை மணித்தியாலமாவது எந்த வெளிச்சமும் படாமல் இருட்டில் சும்மா இருக்க வேண்டும். மங்கலான பொருளை நேரே பார்க்கவும் கூடாது. நேரே பார்த்தால் காணாமல் போய்விடும். கண்ணைக் கொஞ்சம் பக்கத்தில் வைத்து ஓரப்பார்வையால் பார்த்தால்தான் அகப்படும். கண்ணின் நடுப்பகுதி இருட்டில் குருடு. ஓரம்தான் இருட்டுக்கு விழிப்பு. இதை விளங்கப்படுத்த வெளிக்கிட்டால் தயாபரன் இலேசில் விடமாட்டார், அதனாலேயே கட்டடத்தில் பலர் அவரைப் படியில் கண்டால் அவசர வேலை இருப்பதுபோல நடப்பார்கள்.

கேட்பதற்கு ஒரே ஆள் கொட்டாஞ்சேனை ஹியூபேட். துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர், அவரும் தன் வீட்டு மாடியிலிருந்து அதே நட்சத்திரத்தைப் பார்ப்பவர். இருவருக்கும் ஓர் ஒப்பந்தம் இருந்தது: இருவரும் பார்த்து முடிக்கும்வரை ஒருவர் எண்ணை மற்றவருக்குச் சொல்லக் கூடாது. சொன்னால் கண் அதையே பார்க்கும் என்பார் ஹியூபேட்.

மற்றக் கதிரை றஞ்சிதத்தினுடையது. தயாபரனின் மனைவி. அவர் மாடிக்குப் போன நாளெல்லாம் அவளும் கூடவே ஏறி வந்து, அந்தக் கதிரையில் இருந்து, அவர் எழும்பும்வரை எழும்பாமல் இருந்தவள். தொலைநோக்கியில் கண் வைத்ததே இல்லை. வாரும் பாரும் என்று கூப்பிட்டால் எனக்கு வேண்டாம், நீங்கள் பாருங்கோ என்பாள். தூறல் விழுந்தாலும் எழும்பமாட்டாள். தன் மேல் உள்ள பட்சம் என்று தயாபரன் நினைத்திருந்தார், அதில் அவருக்கு உள்ளூரப் பெருமையும் இருந்தது.

மகளின் பிள்ளைப்பேற்றுக்கென்று ரொறன்ரோவுக்குப் போனவள். பிள்ளை பிறந்து, குப்புறப் புரண்டு, இப்போது தவழவும் தொடங்கிவிட்டது. அவள் வரும் திகதியைச் சொல்லவில்லை. தயாபரனும் கேட்கவில்லை. கேட்டால் தான் தவித்துப்போய் நிற்பது தெரிந்துவிடும் என்ற வீம்பு. ஆனால் உள்ளபடி சொன்னால், அந்த நாட்களில் அவருக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான்: றஞ்சிதம் வீட்டுக்கு வர வேண்டும். பின்னேரத்தில் மாடிக்கு ஏறியதும் அவளுடைய கதிரையையும் விரித்து வைப்பதை அவர் நிறுத்தவில்லை.

கதிரையின் துணி ஆடாமல் இருந்த அன்று, தொலைநோக்கியில் கண் வைத்து அந்த மங்கல் புள்ளியை ஓரப்பார்வையில் பிடித்துக்கொண்டிருந்தபோது, ஓரத்துக்கும் ஓரத்தில், கதிரை இருந்த பக்கம், ஓர் ஆள் இருப்பது அவருக்குத் தெரிந்தது. திரும்பிப் பார்த்தார். வெறும் கதிரை. மறுபடி கண்ணை நட்சத்திரத்துக்குக் கொண்டுபோனார். ஆள் இருந்தது. கைகளை மடியில் வைத்து, தலையைக் கொஞ்சம் முன்னுக்குச் சரித்து, பொறுமையாகக் காத்திருக்கும் ஆள்.

பயம் வரவில்லை. வெட்கத்தை விட்டுச் சொன்னால், ஆறுதலாகத்தான் இருந்தது. இத்தனை வருடப் பழக்கம், கண் தானாகவே அவளைக் கொண்டுவந்து இருத்துகிறது என்று நினைத்தார். அடுத்தடுத்த நாட்களிலும் அது வந்தது. கண் பழகப் பழக இருட்டிலிருந்து மெல்ல மெல்ல ஊறி, கதிரையில் நிரம்பும். அவர் அதோடு கதைக்கவும் தொடங்கினார். இன்றைக்குக் காற்று கூட, என்பார். நட்சத்திரம் இன்னும் இறங்குது, என்பார். பதில் வராது, றஞ்சிதமும் அப்படிப் பெரிதாகப் பதில் சொல்பவள் இல்லை. கீழே தனியாகப் பாணையும் பருப்பையும் தின்றுவிட்டு மேலே வரும் மனிதனுக்கு அதுவே போதுமாக இருந்தது.

ஒருநாள் எண் குறிக்கும் பேனை கீழே விழுந்தது. எடுப்பதற்காகச் சின்ன ரோச் லைட்டை அடித்தார். அதன் கண்ணாடியில் சிவப்புத் தாள் ஒட்டியிருந்தது. சிவப்பு வெளிச்சம் இருட்டுக்குப் பழகிய கண்ணைக் கெடுக்காது. பேனை அவளுடைய கதிரையின் கீழே உருண்டிருந்தது. குனிந்தவரின் கண்ணுக்கு நேரே கதிரையின் கான்வஸ். அதன் மேல் ஒன்றும் இல்லை. ஆனால் துணி தொய்ந்து, இறுகி, நிலத்துக்கு மேல் ஒரு விரல்கடை இடைவெளி மட்டும் விட்டுப் பாரத்தில் இறங்கியிருந்தது. தையல்கள் விரிந்திருந்தன. றஞ்சிதம் மெலிந்த மனுசி. அவள் இருந்து அந்தத் துணி ஒருநாளும் அவ்வளவு இறங்கியதில்லை.

பேனையை எடுக்காமலே அவர் கீழே வந்துவிட்டார்.

அன்றிரவு அவளுக்குத் தொலைபேசி எடுத்தார். அங்கே காலை. கோப்பைகளின் சத்தமும் பேரப்பிள்ளையின் சிணுங்கலும் கேட்டன. வழக்கமான சுகவிசாரிப்புகள் முடிந்ததும், பகிடி விடுவதுபோலத்தான் சொன்னார்.

"மேல உம்மட கதிரையில ஆரோ இருக்கிற மாதிரிக் கிடக்குது."

அந்தப் பக்கத்தில் கோப்பைச் சத்தம் நின்றது. றஞ்சிதம் பிள்ளையை யாரிடமோ கொடுப்பதும், நடப்பதும், ஒரு கதவு சாத்தப்படுவதும் கேட்டது.

"கதிரைய ஏன் விரிச்சனீங்கள்?"

சும்மா, என்றார்.

"நான் அதில வந்து இருந்தது நட்சத்திரம் பாக்கவெண்டே நினைச்சனீங்கள்?" அவளுடைய குரல் தாழ்ந்திருந்தது. "நீங்கள் மேல பாத்துக்கொண்டு இருந்தீங்கள். எனக்குப் பாக்க என்ன இருந்தது? இருட்டைத்தான் பாத்தனான். கண் பழகினாப் பிறகு ஆர் நிண்டாலும் தெரியும்தானே. ஒண்டு உங்களுக்குப் பக்கத்தில வந்து இருக்க இடம் தேடிக்கொண்டு நிண்டது. நான் எழும்பினா இருந்திடும். அதாலதான் எழும்பாம இருந்தனான்."

"எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"சொன்னா மாடிக்குப் போறதை விட்டிருப்பீங்களோ?"

விட்டிருக்கமாட்டார். அது இருவருக்கும் தெரியும். தயாபரனுக்குக் கோபம் வந்தது. பயம் வரும்போதெல்லாம் அவருக்குக் கோபம்தான் முதலில் வரும். படித்த மனுசி கதைக்கிற கதையா என்று ஏசினார். ஏசி முடித்துவிட்டு, அத்தனை மாதமும் கேட்காத கேள்வியை அதே கோபத்தோடு கேட்டார், எப்போது வருகிறீர் என்று.

"என்னால இனி அதில இருக்க ஏலாதப்பா," என்றாள். அழுதாள் போலிருந்தது. "நான் வரமாட்டன். நீங்கள் இஞ்ச வாங்கோ."

அவர் தொலைபேசியை வைத்துவிட்டார்.

விடியும்வரை நித்திரை இல்லை. ஆனால் வெளிச்சம் வந்ததும் மனதில் தெளிவாக ஒரு திட்டம் இருந்தது. இதெல்லாம் கதிரையால் வந்த வினை. கதிரையை மடித்துவிட்டு, இன்று பின்னேரமும் போய், முழு நேரமும் இருந்து, ஒன்றும் இல்லை என்று தன் கண்ணால் பார்த்துவிட்டு அவளுக்குச் சொல்ல வேண்டும். ஒன்றும் இல்லையென்றால் அவள் வராமல் இருக்கக் காரணமும் இல்லை. காப்புறுதிக்காரரின் நியாயம். பகல் வெயிலில் மேலே போய், சாதாரணமாக, லேசாகக் கிடந்த அந்தக் கதிரையை மடித்துத் தாங்கியின் பின்னால் சாத்திவிட்டு வந்தார்.

மத்தியானம் ஹியூபேட் தொலைபேசி எடுத்தார். நேற்று எண் வரவில்லையே என்றார். பின்னால் வழக்கம்போலச் சந்தைக்கடை மாதிரி இரைச்சல்; பேரப்பிள்ளைகள், மருமகள், யாரையோ ஏசும் அவருடைய மனைவி யூஜினா. தயாபரன் பாதியைச் சொன்னார். இருட்டில் அரை மணித்தியாலம் இருந்தால் கண் தானாகவே படம் காட்டும் மச்சான் என்று ஹியூபேட் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார்.

"இண்டைக்கு இஞ்ச வாவன், தயா. இருக்கக் கதிரை கிடையாது, எல்லாத்திலயும் ஆக்கள். நிலத்திலதான் இருக்கோணும். ஆனாச் சோறு இருக்கு."

வருகிறேன், இன்னொரு நாள் வருகிறேன் என்றார் தயாபரன்.

அன்றைக்குக் காற்றே இல்லை. தறப்பாள் செத்ததுபோலத் தொங்கியது. கடலின் இரைச்சல்கூட எங்கோ தள்ளிப் போயிருந்தது. கொத்துரொட்டித் தகட்டின் சத்தம் மட்டும் ஒரே தாளமாகக் கேட்டது, பிறகு அதுவும் நின்றது. தயாபரன் தன்னுடைய கதிரையில் இருந்து, கைகளைத் தொடையில் வைத்துக்கொண்டு, கண் பழகக் காத்திருந்தார். முதலில் ஒன்றுமே தெரியாத கறுப்பு. பிறகு தாங்கியின் வளைவு. பிறகு தறப்பாளின் மடிப்புகள், முடிச்சுகள். அவளுடைய கதிரை இருந்த இடத்தில் வெறும் சீமெந்துத் தரை. ஈரச் சாக்கு மணம் ஒன்று வந்தது, கனநாள் பூட்டிக் கிடந்த அலுமாரியைத் திறந்தால் வருவதுபோல. பார்த்தீரா, ஒன்றும் இல்லை, என்று மனதுக்குள் றஞ்சிதத்திடம் சொல்லிக்கொண்டார். தொலைநோக்கியில் கண்ணை வைத்தார். புள்ளியைத் தேடினார். அகப்படவில்லை. கண்ணைக் கொஞ்சம் பக்கத்தில் நகர்த்தினார்.

நின்றது.

கதிரை இருந்த இடத்தில் இல்லை. அதைவிடக் கிட்ட. இருக்க இடம் இல்லாததால் நின்றது. இருக்கும்போது தெரியாத உயரம் இப்போது தெரிந்தது. தாங்கியைவிட உயரம். தலை கீழே சரிந்திருந்தது. அவருடைய கதிரையை நோக்கி.

ரோச்சை அடிக்கக் கை போனது. வெளிச்சம் பட்டால் அது தெரியாமல் போய்விடும். போய்விடாது, தெரியாமல் போய்விடும். எவ்வளவு கிட்ட நிற்கிறது என்பது அதன் பிறகு தெரியாது. அந்த நினைப்போடு கையை அப்படியே வைத்திருந்தார். கழுத்தின் பின்பக்கத்தில் குளிர் ஒன்று தொட்டது. எழும்பினார். பின்னால் தன்னுடைய கான்வஸ் ஒரு பெருமூச்சோடு இறங்கிய சத்தம் கேட்டது.

எப்படிப் படியிறங்கினார் என்று அவருக்கே தெரியாது. எங்கேயோ கைத்தொலைபேசி விழுந்தது. மாடிக் கேற்றைப் பூட்டினார், வீட்டுக் கதவைப் பூட்டினார், எல்லா லைட்டையும் போட்டார், குசினி லைட், குளியலறை லைட் உட்பட. ஹோலின் நடுவில் நின்று மூச்சு வாங்கினார். ஹியூபேட் வீட்டுக்குப் போயிருக்கலாம் என்று நினைத்தார். இப்போதும் போகலாம். கீழே இறங்கி ஓர் ஓட்டோ பிடித்தால் சரி. சட்டையை மாற்ற அறைக்குத் திரும்பினார்.

கரண்ட் போனது.

கீழே ஒழுங்கை முழுவதும் இருண்டது. எதிர்த் தொடர்மாடியின் பல்கனிகளும் அணைந்தன. கரண்ட் போய் ஊர் திட்டும் நேரத்தில் தான் மட்டும் சந்தோசப்பட்டு மாடிக்கு ஓடும் மனிதர் தயாபரன். இன்றைக்குச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். பையில் சிவப்பு ரோச் இருந்தது. அடித்தார். அதன் சின்ன வட்டத்தை நிலத்தில் நகர்த்தினார். கதவுக்குப் போக வேண்டுமானால் சாப்பாட்டு மேசையைத் தாண்ட வேண்டும்.

பெரிய மேசை அது. பிள்ளைகள் சின்னவர்களாக இருந்த காலத்தில் வாங்கியது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து விசாவுக்குக் காத்திருந்த மச்சான்மார், மாமிமார், ஏஜென்சிக்காரனின் சொல்லை நம்பி மாதக்கணக்கில் தங்கிய பெடியன்கள், எல்லாரும் அதில் இருந்துதான் சாப்பிட்டார்கள். ஒவ்வொருவராக எயார்போட்டுக்குப் போனார்கள். கடைசியில் பிள்ளைகளும் போனார்கள். கதிரைகளை மட்டும் யாரும் கொண்டுபோகவில்லை. றஞ்சிதம் எல்லாவற்றுக்கும் மெத்தை தைத்துக் கட்டியிருந்தாள்.

வட்டம் முதல் கதிரையில் விழுந்தது. மெத்தை உப்பலாக இருந்தது. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது மெல்ல அமுங்கியது.

அடுத்ததும்.

கைக்குக் கிட்ட இருந்தது மேசைத் தலைமாட்டில் அவருடைய சொந்தக் கதிரை. அதில் விழுந்தார். இதுவாவது வெறுமையாக இருக்கக் கூடாது, இதில் நான் இருக்கிறேன், என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டார். மற்ற மெத்தைகளைப் பார்க்க முடியவில்லை. ரோச்சை அணைத்தார்.

கறுப்பு.

தரையோடுகளின் மேல் கதிரைக்கால் உரசியது. ஒன்று. பிறகு தூரத்தில் இன்னொன்று. சாப்பிட வருபவர்கள் இழுத்துப் போட்டுக்கொள்வதுபோல. ஈரச் சாக்கு மணம். மாடியில் வெறும் கதிரை ஒன்றுதான் இருந்தது. அதனால்தான் ஒன்று மட்டும் வந்து இருந்தது.

"றஞ்சி," என்றார்.

கண் பழகிக்கொண்டிருந்தது. அவருக்கு அது வேண்டாம். ஆனால் கண் கேட்கவில்லை. முதலில் மேசையின் விளிம்பு தெரிந்தது. பிறகு தண்ணீர்ப் போத்தல். அவர் போத்தலையே நேரே பார்த்தார். அதை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. எடுக்காததால் ஓரங்கள் நிரம்பத் தொடங்கின. இடது பக்கம் ஒன்று. வலது பக்கம் இரண்டு, பிறகு இன்னும். மடியில் கை. சரிந்த தலைகள். பொறுமை. கன வருடங்களுக்குப் பிறகு மேசை நிறைந்திருந்தது.

ஒரு கதிரையும் மிச்சமில்லை.

ஒன்று மட்டும் இன்னும் நின்றது. உயரமானது. மேசையை மெல்ல ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. இடம் தேடியது. அவருக்குப் பக்கத்தில் வந்து நின்றது. அதன் பிறகு ஓரத்திலும் தெரியவில்லை.

தயாபரன் போத்தலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவருடைய முழங்கால்களின் மேல், குளிராக, ஆறுதலாக, ஒரு பாரம் இறங்கத் தொடங்கியது.